கன்வெர்ட்டரைத் திட்டாதே

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம் எழுதி, அதில் ஒன்றரைப் பக்கத்துக்குக் கன்வெர்ட்டரை, அதாவது மைப்பேனாவுக்குள் மாட்டிப் பாட்டில் மையை உறிஞ்சி வைக்கிற அந்தச் சின்னக் குழாயை, திட்டியிருக்கிறாய். மீதி அரைப் பக்கத்தில்தான் மகள் வேலை மாறிய சேதியும் உன் முழங்கால் வலியும். முன்னுரிமை புரிகிறது!

பைலட் கம்பெனிப் பேனாவுக்குப் பைலட் கன்வெர்ட்டரே சேரவில்லை என்றால் வேறு எதைத்தான் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கோபம்தான். ஆனால் நீ வாங்கியது கான்-70 என்ற கன்வெர்ட்டர். உன்னிடம் இருப்பது மெட்ரோபாலிட்டன் என்ற பேனா. கான்-70-இன் வாய் அந்தப் பேனாவில் சரியாக உட்காரும், உடம்புதான் உள்ளே போகாது. பேனாவின் பின்பாதிக்குள் அவ்வளவு இடமில்லை. அதற்குக் கான்-40 வாங்க வேண்டும். கான்-70-ஐத் தூக்கிப் போட்டுவிடாதே. பைலட்டின் கஸ்டம் 74, காகுனோ போன்ற பேனாக்களில் அழகாகப் பொருந்தும். என்றைக்காவது அவற்றில் ஒன்று உன் கைக்கு வரத்தானே போகிறது, உன்னை எனக்குத் தெரியாதா?

அதற்கு முன்னால் ஒரு விஷயம் பார்த்துக்கொள். பேனா வெளிநாட்டிலிருந்து வந்தது என்றாய், எந்த நாடு என்று எழுதவில்லை. இதே பேனாவை ஐரோப்பாவில் எம்ஆர் என்ற பெயரில் விற்கிறார்கள். அது பைலட்டின் சொந்தக் கார்ட்ரிட்ஜை (மை அடைத்து வருகிற குப்பியை) ஏற்காது, பல கம்பெனிகளுக்கும் பொதுவான இன்டர்நேஷனல் அளவுதான் எடுக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கழுத்தை, அதாவது நிப்பு இருக்கிற முன்பாதியை, திருகிக் கழற்றி உள்ளே பார். நடுவில் மூக்கு மாதிரி ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒல்லியாக இருந்தால் இன்டர்நேஷனல். அகலமாக இருந்தால் பைலட்டின் சொந்த அளவு. கூடவே வந்த கார்ட்ரிட்ஜ் காலியாகக் கிடந்தால் இன்னும் சுலபம், அதன் வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கன்வெர்ட்டர் விஷயத்தில் எல்லாரும் கம்பெனிப் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வாயும் நீளமும் பருமனும். இன்டர்நேஷனல் என்ற அளவு ஒன்று இருப்பதால் கொஞ்சம் நிம்மதி. பெலிகன், வாட்டர்மேன், காவெக்கோ, ஃபேபர்-காஸ்டெல் எல்லாம் அந்த வாய்க்காரர்கள். ஷ்மிட் கே5 என்று ஒரு கன்வெர்ட்டர் உண்டு, இந்த வகைப் பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். ஆனால் காவெக்கோ ஸ்போர்ட் மாதிரிக் குட்டிப் பேனாவில் அது அடங்காது. வாய் சேரும், நீளம் இடிக்கும். அதற்கென்று குட்டிக் கன்வெர்ட்டர் தனியாக உண்டு, ஆனால் அது பிடிக்கிற மை இரண்டு பக்கத்துக்கு வந்தாலே பெரிது.

பார்க்கர், லாமி, ஷீஃபர், கிராஸ், செய்லர், பிளாட்டினம் எல்லாரும் தனித்தனி வாய் வைத்திருக்கிறார்கள். தன் கார்ட்ரிட்ஜைத் தான்தான் விற்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தவிர இதற்குப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிளாட்டினம் மட்டும் கொஞ்சம் தாராளம், இன்டர்நேஷனல் கார்ட்ரிட்ஜ் போட ஒரு அடாப்டர் விற்கிறது. லாமியில் இன்னொரு குழப்பம்: சஃபாரிக்கு இசட்28 (பழைய பெயர் இசட்24), ஸ்டுடியோவுக்கு இசட்27. சஃபாரியின் கன்வெர்ட்டரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குமிழ் இருக்கும், அவை கழுத்தின் விளிம்பில் உள்ள பள்ளங்களில் உட்காரும். உட்காராமல் அழுத்தினால் அதுவும் போச்சு, இதுவும் போச்சு.

எந்தக் கன்வெர்ட்டராக இருந்தாலும் முதலில் தண்ணீரில் சோதித்துப் பார். நிப்பு முழுக்க முங்கும்படி பிடித்து, பின்னால் உள்ள திருகைச் சுற்று. தண்ணீர் ஏறும்போது கன்வெர்ட்டரும் மூக்கும் சேருகிற இடத்திலிருந்து விடாமல் சின்னச் சின்னக் குமிழியாக வந்துகொண்டே இருந்தால் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். அப்புறம் நிப்பைக் கீழே பார்க்க நிறுத்தி, அந்த மூட்டைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தை ஒட்டி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார். ஈரம் பட்டால் அந்த ஜோடி வேண்டாம். கொஞ்சம் பலமாக அழுத்தினால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதே. கன்வெர்ட்டர் விரிந்தால் இன்னொன்று வாங்கலாம், மூக்கு உடைந்தால் பேனாவே போய்விடும்.

ஆனால் நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உன் பேனா பைலட் வாய்க்காரன்தான் என்று தெரிந்தால், கன்வெர்ட்டரே வாங்காதே என்பேன். கான்-40 சுமார் 0.4 மில்லி மைதான் பிடிக்கும். பைலட்டின் கார்ட்ரிட்ஜ் 0.9 மில்லி. வாயும் அகலம். காலியானதைக் கழுவி, முனை மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சால் பாட்டில் மையை நிரப்பிக்கொள். நான் அப்படித்தான் செய்கிறேன், இந்தக் கடிதமும் அந்த மையில் எழுதியதுதான். பேனாவை முழுக்கக் கழுவுகிற நாளில் மட்டும் கன்வெர்ட்டர் கை கொடுக்கும், திருகைச் சுற்றச் சுற்றத் தண்ணீர் நாக்கு (நிப்புக்கு அடியில் மை வருகிற பகுதி) வழியாக உள்ளே போய் வெளியே வந்துவிடும். கார்ட்ரிட்ஜின் வாய் நாளடைவில் தளர்ந்து கசியத் தொடங்கினால் வேறொன்றுக்கு மாறிக்கொள்.

மை கன்வெர்ட்டரின் பின்கோடியிலேயே ஒட்டிக்கொண்டு நிப்புப் பக்கம் இறங்க மறுக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது வேறு பேனா என்று நினைக்கிறேன். குழாய் ஒடுக்கமாக இருந்தால் மை அப்படி நின்றுவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு துளி விட்டு அலசி, பிறகு நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவு. பெரும்பாலும் சரியாகிவிடும். கான்-40-க்குள் குட்டி இரும்புக் குண்டுகள் போட்டிருப்பதும் இதற்காகத்தான், ஆட்டினால் மை கலைந்து இறங்கும். எனக்கு அந்தக் கிலுகிலுச் சத்தம் பிடிப்பதில்லை, அது வேறு கதை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்புறம் வீடு இப்போதுதான் பழைய நிலைக்கு வந்திருக்கிறது. மறுபடி தினமும் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதில் பாதி கணக்கு வழக்குதான், ஆனாலும் கையெழுத்து தேறி வருகிறது. இந்தப் பக்கத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும். உன் கையெழுத்து மட்டும் கல்லூரியில் எப்படிப் புரியாமல் இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

உன் அப்பாவின் பார்க்கர் 45 பற்றி ஒரு வரியில் எழுதி விட்டுவிட்டாய். அது 1960-இல் வந்த மாடல், கார்ட்ரிட்ஜும் போடலாம், கன்வெர்ட்டரும் போடலாம். இன்றைய பார்க்கர் கன்வெர்ட்டரே அதற்குப் பொருந்தும், ஆனால் உள்ளே பல வருட மை காய்ந்து கிடக்கும். புதிது வாங்குவதற்கு முன்னால் கழுத்தைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போடு. வெந்நீர் வேண்டாம். உள்ளே ஏற்கெனவே ஏதாவது மாட்டியிருந்தால் இழுத்துப் பிடுங்காமல், ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
பாஸ்கர்