தோட்டத்தையும் பார்த்துக்கொண்ட முள்ளியவளை உறவுகளுக்கு

அன்பான உறவுகளே,

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது, எப்படித் தப்பினார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரவு பகல் பாராமல் போன் எடுத்து விசாரித்தவர்கள் நீங்கள்தானே. அதையெல்லாம் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆனால் நன்றியை ஆறப்போட மனமில்லை.

இரத்தம் கொடுத்த தம்பிமார், அந்த இரவில் வான் பிடித்துக் கொண்டுவந்து பரந்தன் வழியாக எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த மச்சான், எங்கள் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பிய சின்னம்மா, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிவிட்டுப் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்றவர்கள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் எங்களைச் சொந்தக்காரர் மாதிரிப் பார்த்த தாதிமார், காட்டு விநாயகரிலும் வற்றாப்பளை அம்மனிலும் இவர் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இனி மூலை வளவு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் போட்டது போட்டபடி ஓடினோம். கத்தரி அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது. பயிற்றை படரத் தடியில்லாமல் நிலத்தில் கிடந்தது. தை பிறந்து மழை விட்டால் எங்கள் மண்ணில் ஒருநாள் தண்ணி தவறினாலும் இலை தொங்கிவிடும். நான் அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருந்தேன்? ஒருவரும் கேட்காமலே ஆச்சி படலையைத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறா. அவவுக்கு மோட்டர் போடத் தெரியாது. முழங்கால் வருத்தக்காரி. கிணற்றில் வாளியால் அள்ளி அள்ளிக் கண்டு கண்டாக ஊற்றியிருக்கிறா. கத்தரி இலையில் பூச்சி கண்டதும், பனி காயுமுன்னம் விடியவே எழும்பி வந்து அடுப்புச் சாம்பலைத் தூவியிருக்கிறா. தன் வேலியில் கிளுவைத் தடி வெட்டிப் பயிற்றைக்கு ஊன்றியும் விட்டிருக்கிறா.

ஒருநாள் முல்லைத்தீவு பஸ்ஸில் கொண்டக்டர் தம்பியிடம் ஒரு பை கொடுத்துவிட்டா. பஸ் நிலையம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தானே, ஓடிப்போய் வாங்கினேன். சோறு கறியாக்கும் என்று நினைத்துத் திறந்தால், உள்ளே கத்தரிக்காய், ஒரு பிடி பச்சை மிளகாய், கடதாசியில் சுற்றிய முருங்கை இலை. காய்கள் பிஞ்சுப் பதம். வெள்ளை வரி ஓடிய ஊதா நிறம். ஒன்றில் மண்ணும் ஒட்டியிருந்தது.

அந்த நாட்களில் இவர் ஒருவருடனும் கதைப்பதில்லை. சுவரைப் பார்த்தபடி கிடப்பார். டொக்டர் கேட்டாலும் தலையை மட்டும் அசைப்பார். ஒரு கத்தரிக்காயை எடுத்து அவர் கையில் வைத்தேன். விரலால் தடவினார். காம்பை நகத்தால் கிள்ளி மூக்கருகில் பிடித்தார். கனநேரம் கழித்து, “வேலிக்கரைக் கண்டோ?” என்றார். ஓமென்றேன். “பயிற்றைக்குத் தடி ஊன்றினதோ?” என்று அடுத்த கேள்வி வந்தது. அன்றிரவு கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இவரை வைத்தியர்கள்தான் காப்பாற்றினார்கள், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் எழும்பி வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போது வந்தது என்று என்னைக் கேட்டால், அந்தக் கத்தரிக்காயைத்தான் சொல்வேன்.

நாங்கள் தோட்டம் தொடங்கியது 2022இல். சாமான் விலை ஏறி, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் மரக்கறி நடச் சொன்ன காலம் அது. கறிக்கு வழி தேடித்தான் மண்ணைக் கொத்தினோம். பிறகு விலை இறங்கியும் இவர் விடவில்லை. விடிந்தால் தேத்தண்ணிக் கோப்பையோடு பாத்திகளுக்குள் நிற்பார், சாமியறைக்குப் போவது அதற்குப் பிறகுதான். எனக்கும் மெல்ல மெல்ல அது பிடிபட்டது. கோயிலில் கும்பிடும்போதுகூட என் மனம் நூறு இடத்துக்கு ஓடும். பாகல் கொடியை எடுத்துப் பந்தலில் விடும்போது அது எங்கேயும் ஓடுவதில்லை.

2009இல் எல்லாவற்றையும் விட்டுச் செட்டிகுளம் முகாமில் கிடந்தபோது, அம்மா முகம் கழுவுகிற தண்ணியை ஊற்றிக் கூடாரத்து வாசலில் ஒரு மிளகாய்க் கண்டு வளர்த்தா. அது எவ்வளவு காய்த்தது என்று நினைவில்லை. காலையில் எழும்பியதும் அம்மா அதன் முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பா. அந்த நேரம் மட்டும் அவ அழமாட்டா. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இவர் அந்தக் காயைத் தடவியபோது விளங்கியது.

வருகிற வைகாசிப் பொங்கலுக்கு, எங்கள் வளவில் காய்க்கிற முதல் பூசணிக்காயை வற்றாப்பளை அம்மனுக்குக் கொண்டுபோவதாக நேர்ந்திருக்கிறேன். அதற்கு முதல் இன்னொரு வேலை இருக்கிறது. எங்கள் மோட்டரிலிருந்து ஆச்சியின் வளவுக்குக் குழாய் இழுக்கப்போகிறோம். அவ வேண்டாமென்றுதான் நிற்பா. நாங்கள் கேட்கப்போவதில்லை.

ஆச்சி விதைக்கென்று ஆயாமல் விட்ட காய்கள் மஞ்சளாகப் பழுத்து நிற்கின்றன. விதையைக் கழுவி நிழலில் காயவைத்து, பங்குனி பிறக்க நாற்றுமேடை போடுவேன். கண்டு வேண்டியவர்கள் இப்போதே சொல்லிவையுங்கோ, எல்லோருக்கும் எடுத்துவைக்கிறேன். இவரைப் பார்க்க வருகிறவர்கள் பின்னேரம் நாலரைக்குப் பிறகு வாருங்கோ. பகலில் நித்திரை கொள்ள வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் பிள்ளை