பாப்பா பரணில் போட்ட பென்சில் டப்பா

சென்னிமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நூல் வந்துவிட்டது, தறி ஓடுகிறது.

நேற்று நீ போனில் சொன்னது மனசைப் போட்டு அரிக்கிறது. பாப்பா வரைவதை விட்டுவிட்டாளாம், பென்சில் டப்பா பரணுக்குப் போய்விட்டதாம். அவளே போனை வாங்கி, "எனக்குக் கை வராதுங்க மாமா" என்கிறாள். நீ என்னடா என்றால், "சரி விடு, கணக்காவது ஒழுங்காப் போடட்டும்" என்கிறாய். சிவன்மலைத் தேரன்று நீ போட்ட கணக்கை அவளிடம் எடுத்துச் சொல்லட்டுமா?

அவள் வரைந்த காங்கேயம் காளையை வாட்ஸப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூஞ்சி பெருத்து, பின்பக்கம் கன்றுக்குட்டி அளவுக்குச் சிறுத்துக் கிடக்கிறது. இதற்குத்தான் அழுதிருக்கிறாள். ஆனால் அவள் பார்த்து வரைந்த போட்டோவை நீ கவனித்தாயா? காளையின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டி எடுத்திருக்கிறாய். அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் முன்னால் இருப்பது பெருத்தும் பின்னால் இருப்பது சிறுத்தும்தான் விழும். போட்டோவில் இருந்ததை அவள் அச்சு அசலாக வரைந்திருக்கிறாள். கை வராத பிள்ளை செய்கிற வேலையா இது? இதை முதலில் அவளிடம் சொல்லிவிடு, இன்றைக்கே.

அப்புறம் அவளை நேரில் பார்த்து வரையவை. 1919இல் நம்ம நாமக்கல்லில் பிறந்த ஓவியர் சில்பி, ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். அங்கேயே உட்கார்ந்து பார்த்ததால்தான் அந்த நகையும் மடிப்பும் அவர் கோட்டில் அப்படி வந்தன. உனக்குக் கோயில்கூட வேண்டாம், அப்புச்சி தோட்டத்துக் கட்டுத்தரை போதும். காளையிலிருந்து நன்றாகத் தள்ளி, முழு உருவமும் கண்ணுக்குள் அடங்குகிற இடத்தில் அவளை உட்காரவை.

முதலில் அளவு. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியையும் கட்டைவிரலையும் வைத்துத் தலையின் நீளத்தைப் பிடிக்கட்டும். உடம்பு அதில் எத்தனை தலை, கால் எத்தனை தலை என்று பார்த்துக் காகிதத்தில் லேசாகக் குறித்துக்கொண்டால் போதும். கண்ணும் மூக்கும் கடைசியில் வரட்டும். பிள்ளைகள் கண்ணில்தான் ஆரம்பிப்பார்கள், அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

கொம்புதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. கொம்பை வரையாதே, இரண்டு கொம்புக்கும் நடுவில் தெரிகிற வானத்தை வரை என்று சொல். அந்தக் காலியிடத்தின் வடிவம் சரியாக விழுந்தால் கொம்பு தானாகச் சரியாகிவிடும். கொம்பு எப்படி இருக்கும் என்று மனசுக்குள் ஒரு படம் ஏற்கெனவே இருக்கிறது, கண் அதை நம்பிவிடுகிறது. காலியிடத்துக்கு அப்படி ஒரு படம் யாரிடமும் இல்லை, அதனால் பார்த்தே ஆக வேண்டும். நான் டிசைன் போடும்போது இன்றைக்கும் பூவுக்கு முன்னால் பூவைச் சுற்றியுள்ள இடத்தைத்தான் பார்ப்பேன்.

நம்ம காளை மயிலை, அதாவது சாம்பல் நிறம். அதற்கு நிழல் போடக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல். முடியெல்லாம் மறைந்து, திமிலும் தோளும் தொடையும் கருப்பாகவும் நடு உடம்பு வெளுப்பாகவும் பிரிந்து தெரியும். அந்த இரண்டையும் முதலில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காளை ஆடும், வாலை அடிக்கும், திரும்பிக்கொள்ளும். திரும்பினால் அதே காகிதத்தில் பக்கத்திலேயே இன்னொரு படம் தொடங்கட்டும். மாடு பழையபடி நின்றதும் பழைய படத்துக்குத் திரும்பலாம். ஒரு தாளில் நாலைந்து அரைகுறைக் காளைகள் இருந்தால் அது நல்ல நாள். ரப்பரை மட்டும் நீ வாங்கி வைத்துக்கொள். தப்பான கோடு இருக்கட்டும், அதன் பக்கத்தில் சரியான கோட்டைப் போடலாம். அழித்துவிட்டால் எங்கே பிசகியது என்று தெரியாமல் அதே இடத்தில் மறுபடியும் பிசகும். ஒரு 2பி பென்சில் போதும். பெரிய செட்டெல்லாம் வாங்கிக் கொட்டாதே.

மாப்பிள்ளை, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் வரைந்து காட்டினால் "அட, நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்காதே. பக்கத்தில் உட்கார். எதைப் பார்த்து இந்தக் கோட்டைப் போட்டாய் என்று கேள். நம் வீட்டில் நமக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. அவளுக்கு நீ இருக்கிறாய்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பரணில் இருக்கிற டப்பாவை இறக்கி வை. தங்கச்சியிடம் அரிசியும் பருப்பும் செய்யச் சொல். சோடாக்கடை அண்ணனிடம் நான் வருவதைச் சொல்லாதே, அப்புறம் தோட்டத்துக்குப் போய்ச் சேர மாட்டோம்.

உன்,
மச்சான்