அந்தக் குழியை அடைக்காமல் விட்டதற்கு

அன்புள்ள ஐயா,

போன மாதமே உங்களுக்கு ஒரு கோபக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். நீங்கள் செய்த சுங்கானில், புகையிலை போடும் கிண்ணத்தின் இடது பக்கம், கடுகளவில் ஒரு குழி. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர் இதை எப்படி விட்டார் என்று கேட்டிருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

அப்புறம்தான் சுங்கான் செய்யும் பிரையர் கட்டையைப் பற்றிப் படித்தேன். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற செடியின் வேருக்கு மேலே, மண்ணுக்குள் திரளும் முடிச்சைத் தோண்டி, வெட்டி, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் (சிலர் வருடக்கணக்கில்) உலரவைத்த பிறகுதான் அதில் அரமே படுகிறது. வளரும்போதே உள்ளே மண்ணும் பொடிக்கல்லும் சிக்கிக்கொள்ளுமாம். குழி எங்கே இருக்கிறது என்பது இழைக்க இழைக்கத்தான் தெரியும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே கெட்டியாகச் சாயம் ஏற்றியிருந்தால் எனக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது? மணலைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கியும் மறைத்திருக்கலாம். லண்டன் சுங்கான் வியாபாரி ஆல்பிரட் டன்ஹில் 1917இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஷெல் பிரையர் அந்த வகைதான், அதுவும் அழகுதான், சரி. ஆனால் அடியிலிருந்து விளிம்புவரை மழைக்கோடு மாதிரி ஏறும் இந்த மர ரேகைகள் போயிருக்கும். ரேகைக்காகத்தான் குழியைப் பொறுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கிண்ணம் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருப்பதும் ரேகைக்காகத்தானே? முதலில் துளை போட்டுவிட்டு வடிவத்தை அதற்குள் அடக்காமல், ரேகை போகிற வழியில் வடிவம் செதுக்கி, அப்புறம் துளையிடுவது கோபன்ஹேகனில் சுங்கான் செய்த சிக்ஸ்டன் இவார்சன் காட்டிய வழி என்பார்கள். கோணல் வடிவத்தில் துளை பிசகாமல் போடுவது லேசான வேலையா! வாயில் கவ்வும் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தேன், எங்கும் இடிக்காமல் கிண்ணத்தின் அடியில், சரியாக நடுவில் தலை நீட்டியது. நான் புகைக்காதவன், இதில் ஒரு சிட்டிகை புகையிலைகூட விழுந்ததில்லை. ஆனாலும் அந்தக் கம்பியை நாலைந்து முறை விட்டு விட்டு எடுத்தேன்.

ஒரே குறை, மெழுகுப் பளபளப்பு கொஞ்சம் தூக்கல். கை பட்டுப் பட்டு மங்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள்: துளை போடும் முன்பே குழி தெரிந்ததா, பிறகா? முன்பே என்றால், அந்தக் கட்டையைத் தூக்கிப் போடாமல் எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தீர்கள்?