ஒளுத் தண்ணீர் காய்வதற்குள்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

என் கோபத்தை எனக்கே காட்டிக்கொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லும் இந்த மடலை ரமளானிலேயே எழுத உட்கார்ந்தேன். நோன்பாளி தன் நஃப்ஸைப் பற்றி, அதாவது தன் உள்மனத்தைப் பற்றி எழுதினால் எழுத்தில் கொஞ்சம் பெருமை ஏறிவிடும் என்று தோன்றியது, மூடி வைத்துவிட்டேன். ரமளான் போய், அடுத்த மாதமான ஷவ்வாலின் ஆறு நோன்பும் முடிந்துவிட்டது. இப்போது வயிறு நிறைந்திருக்கிறது, பழையபடி கோபமும் எட்டிப் பார்க்கிறது. எழுத இதுதான் சரியான நேரம்.

பெயர் போடக் கூடாது என்று உங்களில் இருவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். அதனால் யார் பெயரும் இல்லை. படித்தால் யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி என்னிடம் வேலை பார்த்த தம்பிக்கு. நான் 25 வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். அன்றைக்கு, பற்று வரவுக் கூட்டல்கள் ஒன்றா என்று பார்க்கும் இருப்பாய்வு பொருந்தவில்லை, 27 இடித்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம், 36 என்பது 63 ஆகியிருக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஒளுச் செய்து, அதாவது கை, முகம், கால் கழுவிக்கொண்டு, லுஹர் என்னும் நண்பகல் தொழுகையைத் தொழுதுவிட்டு வந்தவன், அந்த யாரோ நீதான் என்று உங்களைப் பிடித்துக்கொண்டேன். எல்லோர் முன்பாகவும் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. என் தாடியைப் பார்த்துவிட்டு, "ஒளுத் தண்ணி இன்னும் காயலையே சார்" என்றீர்கள். அவ்வளவுதான்.

சாயங்காலம் தேடிப் பார்த்தால் 63 என் கையெழுத்தில் இருந்தது. அடுத்த மாதம் நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டீர்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் புரண்டேன். முதல் மூன்று நாள், "இவன் யார் என் தொழுகையைப் பற்றிப் பேச?" என்று உள்ளே ஒருவன் வாதாடினான். நான்காம் நாள் அவன் களைத்துவிட்டான். அப்புறம்தான் மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாதிடம் போனேன்.

உஸ்தாத், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நல்லவேளை தம்பி, உங்க நஃப்ஸ் உங்களைத் திட்டுது" என்று சிரித்தீர்களே! எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு குர்ஆனை எடுத்து மூன்று இடங்களைக் காட்டினீர்கள். யூசுஃப் அத்தியாயத்தில் தீமையை ஏவும் நஃப்ஸ், அம்மாரா. கியாமா அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்தில் தன்னையே பழிக்கும் நஃப்ஸ், லவ்வாமா. அல்லாஹ் அதன் மீது சத்தியமே செய்கிறான். ஃபஜ்ர் அத்தியாயத்தின் கடைசியில் அமைதியடைந்த நஃப்ஸ், முத்மஇன்னா. மனிதனுக்குள் மூன்று பேர் குடியிருப்பதாக இதுவரை நினைத்திருந்தேன். ஒரே நஃப்ஸின் மூன்று நிலைகள் இவை, காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் இருக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது என் ஒரு நாள் முழுக்கக் கண்முன் ஓடியது.

நீங்கள் ஓதிய ஷம்ஸ் அத்தியாயத்தை அதற்குமுன் எத்தனை முறை தொழுகையில் ஓதியிருப்பேன்! சூரியன், சந்திரன், பகல், இரவு, வானம், பூமி என்று ஒவ்வொன்றின் மீதும் சத்தியமிட்டு வந்து, கடைசியில் நஃப்ஸின் மீதும் சத்தியமிட்டு, அதற்குத் தீமையும் இறையச்சமும் இன்னதென்று உணர்த்தப்பட்டதைச் சொல்லி, அதைத் தூய்மைப்படுத்தியவர் வென்றார், அதைப் புதைத்தவர் தோற்றார் என்று முடிகிற இடம். 'புதைத்தவர்' என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். எங்கள் தொழிலில் இதற்குச் சஸ்பென்ஸ் கணக்கு என்று பெயர். வித்தியாசம் எங்கே என்று பிடிபடாவிட்டால் அதில் போட்டு வைப்போம். ஏடு பொருந்திவிடும், பார்க்க அழகாக இருக்கும், தவறு மட்டும் உள்ளேயே இருக்கும். என் கோபத்தை நான் அப்படித்தான் வைத்திருந்தேன், "வேலைப் பளு" என்ற தலைப்பில்.

இரவு தூங்குமுன் கணக்கு எழுதச் சொன்னீர்கள். முஹாஸபா, தன்னைத்தானே கணக்குக் கேட்பது. நாளைக்கு என்று எதை முற்படுத்தியிருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் பார்க்கட்டும் என்று ஹஷ்ர் அத்தியாயத்தில் வருகிறதே, அதைத்தான் செய்யச் சொன்னீர்கள். 857இல் பக்தாதில் மறைந்த ஹாரிஸ் என்ற பெரியவருக்கு 'முஹாஸிபி' என்ற பெயர் நிலைத்ததே தன்னைத்தானே கணக்குக் கேட்டுக்கொண்டதால்தான் என்றும் சொன்னீர்கள். கணக்கனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உற்சாகமாக ஆரம்பித்தேன். ஒரு வாரம் எழுதிய நோட்டை உங்களிடம் நீட்டினேன். "அவன் சொன்ன நேரத்துக்கு வராததால் கோபப்பட்டேன்." "பிள்ளைகள் பேச்சைக் கேட்காததால் கத்தினேன்." நீங்கள் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்தீர்கள். பக்கம் முழுக்கக் கோபப்பட்டேன், கத்தினேன், கோபப்பட்டேன் என்று நின்றது. "மீதியெல்லாம் அவங்க கணக்கு. அதை அவங்க எழுதுவாங்க" என்றீர்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்தது வீட்டில் இருப்பவளுக்கு. நான் பின்னிரவில் எழுந்து தஹஜ்ஜுத் தொழ ஆரம்பித்த புதிது. மூன்றாவது வாரம், சுப்ஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு நீ கேட்டாய்: "ஏங்க, நீங்க எழுந்தது மலக்குகளுக்கு (வானவர்களுக்கு) தெரியும். அலமாரிக் கதவை எதுக்கு அவ்வளவு சத்தமா சாத்துறீங்க?" எனக்குச் சுருக்கென்றது. நான் வேண்டுமென்றே சாத்தவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் அதே கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் தொழ நின்றபோது, ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்ன குறைகிறது என்று யோசித்தால், பார்க்க ஆள் இல்லை! பிறர் பார்க்க வணங்கும் முகஸ்துதி, ரியா என்று பயான் என்னும் மார்க்க உரைகளில் கேட்டபோதெல்லாம் அது வேறு யாருடைய நோய் என்றுதான் உட்கார்ந்திருப்பேன்.

இதை உஸ்தாதிடம் சொன்னபோதுதான் மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் கதை வந்தது. பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் பேராசிரியர், அந்தக் காலத்துக் கல்வியுலகில் மிகப் பெரிய பதவி. தான் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று தன்னையே கேட்டிருக்கிறார். பதில் பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் தத்தளித்து, ஒரு கட்டத்தில் வகுப்பில் நாக்கே எழவில்லையாம். 1095இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். அவருக்கே அப்படி என்றால், அலமாரிக் கதவுக்காரன் எம்மாத்திரம்?

தன் குறையைத் தெரிந்துகொள்ள அவர் நான்கு வழி சொல்கிறார்: விவரம் தெரிந்த ஆசிரியர், உண்மை பேசும் நண்பர், பகைவரின் நாக்கு, மக்களோடு பழகி அவர்களிடம் காணும் குறையைத் தன்னிடம் தேடுவது. மூன்றாவதைக் கேட்டதும் எனக்கு அந்தத் தம்பியின் நினைவுதான் வந்தது. தம்பி, நீங்கள் பகைவர் இல்லை. ஆனால் அன்றைக்கு உங்களை நான் அப்படித்தான் பார்த்தேன்.

நண்பரே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நான் மறுகோடிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத் தூக்கம், விடாமல் நோன்பு, வீட்டில் யாரோடும் பேச்சில்லை. நஃப்ஸை அடக்குகிறேன் என்று பெயர். நீங்கள் வந்து உட்கார்ந்து நபிமொழித் தொகுப்பான புகாரியில் வரும் இரண்டு நபித்தோழர்களின் சம்பவத்தைச் சொன்னீர்கள். அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருக்கிறார். விருந்தாளியாக வந்த சல்மான் (ரலி) அவரைச் சாப்பிட வைக்கிறார், இரவில் தூங்க வைக்கிறார், கடைசிப் பொழுதில் இருவரும் எழுந்து தொழுகிறார்கள். உன் இறைவனுக்கு உன்மீது உரிமை உண்டு, உன் நஃப்ஸுக்கும் உண்டு, உன் குடும்பத்துக்கும் உண்டு என்கிறார் சல்மான். நபி (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு, சல்மான் சொன்னது உண்மை என்றார்கள். நஃப்ஸுக்கு உரிமையா என்று அன்று உங்களோடு சண்டை போட்டேன், மன்னியுங்கள். அன்றிரவு ஆறு மணி நேரம் தூங்கினேன். மறுநாள் வீட்டில் யார்மீதும் எரிந்து விழவில்லை. தூக்கக் குறைச்சலைத்தான் இத்தனை நாள் பக்தி என்று நினைத்தேனோ என்னவோ!

அலுவலகத்தில் இப்போது இருக்கும் மூவருக்கும் ஒரு நன்றி. கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்படியும் போகாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்ற நபிமொழியை, ஹதீஸைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய நாள், பேசிக்கொண்டிருந்தவன் பட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தீர்கள், ஒருவர் காலைத் தூக்கிப் பிடித்தீர்கள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தீர்கள். இப்போது நான் உட்கார்ந்தால் யாரும் பதறுவதில்லை, கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பெரிய உதவி. படுக்கும் அளவுக்கு இன்னும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தம்பி, பெருநாளன்று உங்களை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "சரி சார்" என்றீர்கள். கொஞ்சம் மௌனம். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். இன்னும் பேசவில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை. எல்லோர் முன்பாகவும் கத்தியவன் தனியாக மன்னிப்புக் கேட்டால் போதாது என்பதால்தான் இந்த மடலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். அந்த 63 என்னுடையது.

நபி (ஸல்) அவர்கள் கேட்ட ஒரு துஆவை உஸ்தாத் எனக்குக் கற்றுக்கொடுத்தார், முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வருவது: இறைவா, என் நஃப்ஸுக்கு அதன் தக்வாவை (இறையச்சத்தை) தா, அதைத் தூய்மைப்படுத்து, தூய்மைப்படுத்துவோரில் நீயே சிறந்தவன். உங்கள் எல்லோருக்காகவும் இதைக் கேட்கிறேன். எனக்காகவும் கேளுங்கள்.

மடலை அனுப்புமுன் வீட்டில் படிக்கக் கொடுத்தேன். பேனாவை வாங்கி இரண்டு பத்திகளை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டிலும் நான் நல்லவனாக வந்திருந்தேன்.

வஸ்ஸலாம்.