பேசி முடித்த கமிஷனைக் கடைசி நேரத்தில் உயர்த்தியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் நிறுவனம் மூலம் வீட்டை விற்ற வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு

பொருள்: ஒப்பந்தத்தில் 2 சதவீதம் என்று எழுதிய கமிஷனுக்கு 3 சதவீதம் வசூலித்தது, கூடுதல் தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். என் வீட்டை உங்கள் நிறுவனம் மூலம் விற்றேன். பத்திரப் பதிவு முடிந்து வாங்கியவர் குடிவந்துவிட்டார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் புகார் உங்கள் ஏஜென்ட் மேல்தான். 2 சதவீதம் என்று பேசி, எழுதி, கையெழுத்தும் போட்ட கமிஷனை, பதிவுக்கு முந்தைய நாள் மாலை 3 சதவீதமாக்கி பில் அனுப்பினார். விடிந்தால் வாங்குபவர் பணத்தோடு வந்து நிற்பார், அந்த நேரத்தில் நான் தகராறு செய்ய முடியாது என்று தெரிந்தேதான் அனுப்பினார். எனக்கு ஆட்சேபணை உண்டு என்று மெயிலில் எழுதிவிட்டு முழுத் தொகையையும் கட்டினேன். கூடுதலாக வாங்கிய அந்த 1 சதவீதம் எனக்குத் திரும்ப வர வேண்டும்.

அந்த 2 சதவீதம் எப்படி முடிவானது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சந்திப்பில் உங்கள் ஏஜென்ட், “3 சதவீதம்தான் மார்க்கெட் ரேட் சார், எங்கே போனாலும் இதேதான்” என்றார். குறையுங்கள் என்று சும்மா கேட்கவில்லை நான், காரணம் சொல்லிக் கேட்டேன். பத்திரங்கள் எல்லாம் தயாராக இருந்தன. வில்லங்கம் இல்லை, வீட்டுக் கடன் பாக்கி இல்லை. வீடு காலியாக இருந்ததால் சாவியை அவரிடமே கொடுத்துவிட முடியும். யாராவது பார்க்க வரும்போதெல்லாம் என்னிடம் நேரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விலையும், அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளை வைத்து அவரே சொன்ன விலைதான். வேறு எந்தத் தரகரிடமும் கொடுப்பதில்லை என்ற பிரத்யேக ஒப்பந்தத்துக்கும் சம்மதித்தேன். ஒரு ஏஜென்டுக்கு இது பெரிய விஷயம். உழைத்துவிட்டுக் கடைசியில் வேறொருவர் விற்றுக் கமிஷன் வாங்கிப் போய்விடுவாரோ என்ற பயம் அதோடு போய்விடுகிறது. இத்தனைக்கும் ஈடாகத்தான் 1 சதவீதம் குறைந்தது.

அவரும் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். அச்சடித்த படிவத்தில் இருந்த 3 என்ற எண்ணை அவரே நீல மையில் அடித்து, மேலே 2 என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். அதே பக்கத்தில் நாலு வரி கீழே, கமிஷன் என்பது “புகைப்படம், விளம்பரம், இணையப் பதிவு உட்பட” என்று இருக்கிறது. இப்போது வந்த பில்லில் அந்த 1 சதவீதம் எந்தப் பெயரில் வந்திருக்கிறது தெரியுமா? “விளம்பரம் மற்றும் ஒருங்கிணைப்புச் செலவு.” இரண்டின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் விளக்க வேண்டியதே இருக்காது.

போனில் கேட்டபோது, “டிஸ்கவுன்ட் நான் கொடுத்தது சார், கம்பெனியில் ஒத்துக்கொள்ளவில்லை” என்று பதில் வந்தது. உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் முத்திரையோடு உள்ள ஒப்பந்தம் அது. கையெழுத்து போட அவருக்கு அதிகாரம் இல்லையென்றால், அதை நீங்கள் கையெழுத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பேரம் பேசி இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட விலையை டிஸ்கவுன்ட் என்று சொல்வதையே என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் சொல்வதால்தான் நினைத்தபோது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பணத்தை விட என்னை அதிகம் வருத்தியது இடையில் நடந்தவை. 2 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகு வேலையும் குறைந்துவிட்டது. உங்கள் தளத்தில் வந்த படங்களை நீங்களே பாருங்கள். ஹால் படத்தில் ஜன்னல் திரை மூடிக் கிடக்கிறது, பட்டப்பகலில் டியூப்லைட் எரிகிறது. அந்த வீட்டின் அழகே அந்த ஜன்னல் வெளிச்சம்தான். சமையலறைக்குப் படமே இல்லை. வேறு படம் எடுங்கள் என்று கேட்டதற்கு, “இந்த ரேட்டுக்கு இவ்வளவுதான் சார் முடியும்” என்றார். குறைந்த கமிஷனுக்குக் குறைந்த வேலைதான் என்றால் அதையும் பேசும்போதே சொல்லிவிட வேண்டும். எந்தெந்த வேலை கிடையாது என்று தெரிந்தால் நான் யோசித்து முடிவெடுத்திருப்பேன்.

அப்புறம், நான் சொன்ன விலையை விட 5 சதவீதம் குறைவாக ஒருவர் கேட்டபோது, அன்றைக்கே சரி சொல்லிவிடுங்கள் என்று உங்கள் ஏஜென்ட் என்னை விடாமல் நெருக்கினார். கணக்கைப் பாருங்கள். விலையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் எனக்கு முழுசாக ஐந்தும் போகிறது. 2 சதவீதம் வாங்கும் ஏஜென்டுக்கு அதில் போவது வெறும் 0.1. அதனால் அவருக்கு விலையை விட வேகம்தான் முக்கியமாகிவிடுகிறது. இது என் சந்தேகம் மட்டும் இல்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் சிகாகோ பகுதியில் ஏறக்குறைய 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, வாடிக்கையாளர் வீட்டை விட சுமார் 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றார்கள் என்று அதில் கண்டார்கள். இதை மனதில் வைத்துத்தான், நாம் பேசிய விலைக்கு மேல் கிடைக்கும் தொகையில் மட்டும் 10 சதவீதம் தருகிறேன் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். நல்ல விலை வந்தால் அவருக்கும் லாபம், எனக்கும் லாபம். “அதெல்லாம் எங்கள் படிவத்தில் இடம் இல்லை” என்று தள்ளிவிட்டார். நான் அந்தக் குறைந்த விலையை ஏற்கவில்லை. பிறகு வந்தவர் நான் சொன்ன விலைக்கே வாங்கினார்.

சாவி கொடுக்கும்போது வாங்கியவர் ஒரு விஷயம் சொன்னார். அவரிடமும் உங்கள் ஏஜென்ட் கமிஷன் வாங்கியிருக்கிறார். இரு தரப்பிடமும் வாங்குவதாக இருந்தால் இருவருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தமே சொல்கிறது. எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. தெரிந்திருந்தால் என் கமிஷனை இன்னும் குறைத்துத்தான் பேசியிருப்பேன். இனி விற்கப் போகிறவர்களுக்காகவாவது இதை விசாரியுங்கள்.

மார்க்கெட் ரேட் என்று மறுபடியும் பதில் எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவில் பல காலமாக இதே பேச்சுதான் இருந்தது. 2023 அக்டோபரில் மிசௌரியில் ஒரு ஜூரி, ரியல்டர்கள் எனப்படும் வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கமும் சில பெரிய நிறுவனங்களும் சேர்ந்து கமிஷனை உயர்த்தியே வைத்திருந்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து வந்த சமரசப்படி, கமிஷன் சட்டம் நிர்ணயித்தது கிடையாது, பேசித் தீர்மானிக்கலாம் என்பதை ஏஜென்டுகள் ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுத வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நானும் பேசித்தான் தீர்மானித்தேன்.

கூடுதலாக வாங்கிய 1 சதவீதத்தை 15 நாட்களுக்குள் என் கணக்கில் செலுத்துங்கள். வாங்கியவரிடமும் கமிஷன் பெற்றதை ஏன் மறைத்தார்கள் என்பதற்கு நிறுவனத்தின் சார்பில் எழுத்தில் விளக்கம் வேண்டும், ஏஜென்ட் போனில் பேசுவது போதாது. பணம் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் ஒப்பந்த நகலையும் பில்லையும் வைத்து நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வீட்டை விற்ற வாடிக்கையாளர்