முதியோர் முகாம்களில் எதை அளப்பது? மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் குலசேகரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியன். எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் அண்மையில் நடந்த தனியார் முகாமில், அறுபது கடந்தவர்களிடம் இரத்தம் எடுத்து, ஒரு வாரம் கழித்து ‘உயிரியல் வயது’ (பிறந்த தேதிப்படி அல்லாமல், உடல் எவ்வளவு முதுமை அடைந்திருக்கிறது என்ற கணிப்பு) என்று ஓர் எண்ணை அச்சிட்ட வண்ணத்தாளைக் கையில் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளாக ரப்பர் பால் வெட்டிவரும் என் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வயது 66, தாளிலோ 74. “எனக்க எட்டு வருசம் எங்க போச்சு சாரே?” என்று கேட்டவர், துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் அங்கேயே விற்ற சத்து மாத்திரைகளையும் வாங்கிவிட்டிருந்தார்.

அந்த எண் வந்த வழியைத் தாளில் ஒருவரும் விளக்கவில்லை. டி.என்.ஏ.வின் 353 இடங்களில் உள்ள வேதிக் குறிகளைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். 2018இல் மார்கன் லெவைன் என்ற ஆய்வாளரும் குழுவினரும், அமெரிக்க மக்களின் தரவைக் கொண்டு, அல்புமின், கிரியாட்டினின், சர்க்கரை உள்ளிட்ட ஒன்பது இரத்த அளவுகளிலிருந்து கணக்கிடும் வழியைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும் ஆய்வுக்கு இவை பயனுள்ளவை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்பதில் இரண்டு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் வெள்ளணு எண்ணிக்கையும்; சாதாரணத் தொற்று வந்தாலே இரண்டும் ஏறும். முகாமன்று அண்ணனின் காலில் சீழ்பிடித்த புண் இருந்தது. டி.என்.ஏ. முறையிலும், ஒரே இரத்த மாதிரியை இருமுறை சோதித்தால் விடை 9 ஆண்டுகள் வரை வேறுபடலாம் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டு வாரம் கழித்து, விடியுமுன் தோட்டத்துக்குப் புறப்படக் கட்டிலை விட்டு எழுந்த அண்ணன் தலைசுற்றி விழுந்தார். அரசு மருத்துவமனையில் படுக்க வைத்து அளந்தபோது 150 இருந்த மேல் இரத்த அழுத்தம், எழுந்து நின்ற மூன்றாவது நிமிடத்தில் 122. நிற்கும்போது 20 புள்ளி குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவிதி. அவர் விழுங்கிவந்த இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றினார்கள். அழுத்தமானியும் கடிகாரமும் ஐந்து நிமிடமும் இருந்தால் முகாமிலேயே இது தெரிந்திருக்கும்.

எனவே, 2021 ஆகஸ்டு முதல் வீடு தேடி வரும், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர்களைக் கொண்டு, ஆண்டுக்கு இருமுறை முதியோருக்குச் சில எளிய அளவீடுகளை எடுக்க ஆவன செய்ய வேண்டுகிறேன். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆவதும், ஆறு மீட்டரை நடக்க ஆறு நொடிக்கு மேல் ஆவதும் தசை மெலிவை ஆராய வேண்டியதற்கு ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த எல்லைகள். படுத்தும் நின்றும் எடுத்த அழுத்தத்தையும் எடையையும் இவற்றுடன் சேர்த்து, முதியவர் கையிலேயே இருக்கும் குறிப்பேட்டில் தமிழில் எழுதிவைத்தால் போதும். ஆறு மாதத்தில் எது சரிந்தது என்பது பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டிலும் தெரியும். தன்னார்வலர்களுக்கான பயிற்சியை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலேயே நடத்தலாம்.

தனியார் முகாம்களுக்கு அனுமதி தரும்போது, கணக்கிட்ட முறையையும் அதன் பிழை அளவையும் தமிழில் அச்சிட வேண்டும், சோதனை நடக்கும் இடத்தில் மாத்திரை விற்கக் கூடாது என்ற இரு நிபந்தனைகளையாவது விதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் நானே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் வரியில், ஐந்து முறை எழுந்து உட்கார 17 நொடி என்று இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்