சைகை மொழிபெயர்ப்பில் செயற்கை நுண்ணறிவு: முடிவெடுக்கும் இடத்தில் காதுகேளாதோர் வேண்டும்

பெறுநர்:
ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறைச் செயலர், இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் இயக்குநர், இந்தியா ஏஐ இயக்கத்தின் பொறுப்பாளர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்து, வீட்டில் சைகையையும் தெருவில் தமிழையும் கற்று வளர்ந்து, இன்று சென்னையில் சைகை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் நான், காதுகேளாதோர் பலருடன் கலந்து பேசிய பின் இம்மடலை எழுதுகிறேன். கேமராவின் முன் காட்டப்படும் சைகையை எழுத்தாகவோ குரலாகவோ மாற்றித் தரும் மென்பொருள்களும், எழுத்தை வாங்கித் திரையில் ஓர் உருவத்தைச் சைகை செய்ய வைக்கும் அவதார்களும் ஆய்வுக்கூடங்களைக் கடந்து பொதுப் பயன்பாட்டை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. 2024 மார்ச்சில் 10,371.92 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்ற இந்தியா ஏஐ இயக்கம், பாதுகாப்பான, நம்பகமான செயற்கை நுண்ணறிவைத் தன் தூண்களுள் ஒன்றாக அறிவித்திருக்கிறது. சைகை மொழியைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பையும் நம்பகத்தன்மையையும் அளந்து சொல்லப்போகிறவர் யார் என்பதைத்தான் கேட்க விரும்புகிறேன். எந்தக் கருவி தயாராகிவிட்டது, எந்த இடத்தில் அதை வைக்கலாம், எந்த இடத்தில் வைக்கவே கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம், வேண்டாம் என்று நிறுத்திவைக்கும் அதிகாரம் உட்பட, சைகை மொழியில் வாழும் காதுகேளாதோரிடம் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் பணியிலிருந்தே ஒன்றைக் கூறுகிறேன். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் நோயின் தன்மையையும் சிகிச்சையின் ஆபத்துகளையும் விளக்குவார். நான் அதைச் சைகையில் சொல்லிக்கொண்டிருக்கும்போது காதுகேளாத நோயாளி தலையை அசைத்துக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் அந்த அசைவுக்கு, பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதுதான் பொருள். புரிந்தது என்றோ சம்மதம் என்றோ அதைக் கொள்ள முடியாது. வாழ்நாள் முழுவதும் காது கேட்பவர்களின் அவசரத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய பலர், புரியாதபோதும் தலையசைத்துவிடுவதுண்டு. அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் மருத்துவரை நிறுத்தி, சொன்னதைத் திருப்பிச் சொல்லுமாறு நோயாளியைக் கேட்பார். முதுகுத்தண்டில் ஊசி போடப்போகிறார்கள் என்பதே அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். இதே காட்சியில் ஒரு மென்பொருள் இருந்தால் அது தலையசைப்பை அடையாளம் கண்டு, ‘ஆம்’ என்று திரையில் எழுதிவிடும். அந்த ‘ஆம்’ மருத்துவக் கோப்பில் ஒப்புதலாகப் பதிவாகும். இப்படி ஓர் ஆபத்து இருப்பது காது கேட்கும் பொறியாளருக்குத் தோன்றாமல் போவதில் வியப்பில்லை. மருத்துவமனையில் ஒருமுறையேனும் இப்படித் தலையசைத்துவிட்டு வந்த காதுகேளாதவருக்கு அது முதல் நாளிலேயே தோன்றும்.

சைகை மொழியின் இலக்கணத்தில் பெரும்பகுதி கைகளுக்கு வெளியே இருக்கிறது. இந்திய சைகை மொழியில் வினாச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். கேள்வி என்பதைப் புருவமும் தலையின் சாய்வும் காட்டும். மறுப்பைத் தலையின் அசைவு சுமக்கும். ‘கொடு’ போன்ற வினைகளில் கை நகரும் திசைதான் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதைச் சொல்கிறது. சற்று முன் இடப்பக்கத்தில் நிறுத்திய ஒருவரைச் சில நிமிடங்கள் கழித்துக் கண்ணின் பார்வையாலேயே மீண்டும் குறிப்பிட முடியும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் காவல் நிலையத்தில் கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவராக மாறிவிடுவார். 2016இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் உருவாக்கிய, கையசைவை உணர்ந்து எழுத்தாகவோ குரலாகவோ மாற்றும் சைகைக் கையுறைகள் 10,000 டாலர் பரிசு பெற்று உலகெங்கும் செய்தியானபோது, முகத்தின் இலக்கணத்தைக் கையுறையால் படிக்கவே முடியாது என்பதையும், காதுகேளாதோரை உடன் வைத்துக்கொள்ளாமல் அவர்களுக்கான கருவியைச் செய்வதன் தவறையும் காதுகேளாதோரும் மொழியியலாளர்களும் விரிவாக எடுத்துரைத்தார்கள். அதன் பிறகும் நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணியாக அதே கையுறை திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. அந்த மாணவர்களின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். திட்டத்தைத் தொடங்கும் முன் காதுகேளாத ஒருவரிடம் பேசுங்கள் என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லையே என்பதுதான் என் வருத்தம்.

தீவிரமான ஆராய்ச்சியும் நம் நாட்டில் நடக்கிறது, அதைப் போற்றவும் வேண்டும். 2020இல் சென்னை ஐஐடியைச் சார்ந்த ஏஐ4பாரத் குழுவினர் அடையாறு செயின்ட் லூயிஸ் காதுகேளாதோர் பள்ளியின் ஒத்துழைப்போடு வெளியிட்ட ‘இன்க்ளூட்’ தரவுத்தொகுப்பில் 263 சொற்களுக்கான 4,287 காணொளிகள் உள்ளன. அதில் பயிற்றுவிக்கப்பட்ட நிரல் எட்டிய துல்லியம் 85.6 சதவீதம். தொடக்க நிலை ஆராய்ச்சிக்கு இது நல்ல அடித்தளம். ஆனால் தனித்தனியாக நிறுத்திக் காட்டப்பட்ட 263 சொற்களில் பெற்ற துல்லியத்துக்கும், வேகமாக ஓடும் உரையாடலைப் புரிந்துகொள்வதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. 2023இல் வந்த ‘ஐஎஸ்எல் டிரான்ஸ்லேட்’ தொகுப்பு ஏறத்தாழ 31,000 ஆங்கில, சைகை வாக்கிய இணைகளைக் கொண்டது. அவை பாடங்களைச் சைகையில் விளக்கும் கல்விக் காணொளிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. முதியோர் இருவர் பேருந்து நிறுத்தத்தில் குடும்பக் கதை பேசும் சைகை அவற்றில் இருக்க வாய்ப்பில்லை. ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் இத்தகைய வரம்புகளைப் பேசுவது வழக்கம். கருவியாக விற்பனைக்கு வரும்போது அந்த வரம்புகள் மறைந்து சதவீதம் மட்டுமே விளம்பரத்தில் எஞ்சுகிறது. கொள்முதல் செய்யும் அதிகாரி அந்தச் சதவீதத்தைத்தான் பார்ப்பார்.

இந்தத் தரவு யாருடையது என்பதும் தீர்க்கப்படாத கேள்வியாகவே இருக்கிறது. குரல் பதிவிலிருந்து பெயரை நீக்கலாம், குரலையும் ஓரளவு மாற்றலாம். சைகைக் காணொளியில் முகத்தை மறைத்தால் இலக்கணமே போய்விடும். ஆகவே சைகைத் தரவு அளிக்கும் ஒவ்வொருவரும் தம் முகத்தையும் உடலையும் சேர்த்தே அளிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ பெறும் வாய்ப்பை மக்களுக்கு அளிக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் இந்திய சைகை மொழி இல்லை. தம் சைகையையே தரவாகக் கொடுக்கும் ஒருவர், எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதைச் சைகையில் அறிந்துகொள்ள இச்சட்டத்தில் உறுதியான வழி இல்லை என்பது எவ்வளவு பெரிய குறை! சட்டம் திருத்தப்படும்வரை காத்திராமல், பொதுப்பணத்தில் நடக்கும் எல்லாத் தரவுச் சேகரிப்புக்கும் சைகை மொழியில் விளக்கப்பட்ட ஒப்புதலை நீங்கள் இன்றே நிபந்தனையாக்கலாம். கொடுத்ததைத் திரும்பப் பெறும் வழியும், வேறு பயனுக்கு மாற்றும்போது மீண்டும் கேட்கும் கடமையும் அந்த நிபந்தனையில் சேர வேண்டும். பள்ளி மாணவர்களைப் படமெடுக்கும்போது பெற்றோரின் கையெழுத்தோடு நிற்காமல் அந்தப் பிள்ளைக்கும் புரிய வைத்தாக வேண்டும். காதுகேளாத பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் காது கேட்பவர்கள், சைகை அறியாதவர்களும் அவர்களுள் ஏராளம்.

மொழியின் பன்மை குறித்தும் ஒரு கவலை உண்டு. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களுடன் தொடங்கிய அகராதி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது மதிப்புமிக்க பணி. சைகை மொழியைத் தரப்படுத்துவது பற்றிப் பேசும் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே, உள்ளூர்ச் சைகை மொழிகள் மதிக்கப்படும் என்றும் சொல்கிறது. எனினும் இயந்திரம் அகராதியை மட்டுமே மொழி என்று கற்றுக்கொண்டால், ஒரு பழைய பள்ளியின் விடுதியில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த சைகையைப் பேசும் பாளையங்கோட்டை முதியவர் அதன் முன் நின்று, தன் மொழியையே தவறு என்று எண்ணித் திரும்பிச் செல்ல நேரும். சைகையே கூடாது என்று சொல்லிக் கையைக் கட்டிப்போட்ட வகுப்பறைகளில் படித்த தலைமுறை அது. 1880இல் இத்தாலியின் மிலான் மாநாட்டில், ஏறத்தாழ அனைவருமே காது கேட்பவர்களாக இருந்த பிரதிநிதிகள், காதுகேளாதோர் கல்வியில் வாய்ப்பேச்சே மேலானது என்று வாக்களித்தார்கள். அந்த முடிவை அக்கல்விக்கான உலக மாநாடு வான்கூவரில் மறுதலிக்க 2010 ஆயிற்று. காதுகேளாதோரின் மொழி குறித்து அவர்கள் இல்லாத அறையில் எடுத்த ஒரு முடிவைச் சரிசெய்ய 130 ஆண்டுகள் பிடித்தன என்பதை உங்கள் குழுக்களின் முதல் கூட்டத்திலேயே நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்கள் போதுமான அளவில் இல்லை, இல்லாததைவிட ஏதேனும் ஒன்று இருப்பது நல்லதல்லவா என்று நீங்கள் கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேட்டல் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேல். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களோ மிகச் சிலர். பற்றாக்குறை உண்மை, அதன் துன்பத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன். என் பிழைப்பு போய்விடுமே என்ற அச்சத்தில் இதைச் சொல்வதாக எண்ண வேண்டாம். எல்லா மொழிபெயர்ப்பாளரும் இரவுபகலாக உழைத்தாலும் இத்தேவையில் ஒரு பகுதியைக்கூட நிறைவுசெய்ய முடியாது. உலகக் காதுகேளாதோர் கூட்டமைப்பும் உலகச் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கமும் 2018இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை இங்கே நல்ல வழிகாட்டி. ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களில் முன்கூட்டியே தயாரித்து வைக்கும் மாறாத அறிவிப்புகளுக்கு அவதார்கள் பயன்படக்கூடும், அவற்றின் தயாரிப்பிலும் காதுகேளாதோரின் ஆலோசனை இன்றியமையாதது, மனித மொழிபெயர்ப்பாளருக்கு அவை மாற்றாகா என்று அது கூறுகிறது. மூன்றாம் நடைமேடைக்கு வண்டி மாறியதை ஓர் அவதார் சொல்லட்டும், மகிழ்ச்சியே. நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் அது வேண்டாம். அங்கே ஒருமுறை கருவி வந்துவிட்டால், மனிதரை அமர்த்துவதற்கான நிதி அடுத்த ஆண்டே நின்றுவிடும் என்பதை அலுவலக நடைமுறை அறிந்த எவரும் சொல்வர். தொலைவிலுள்ள மொழிபெயர்ப்பாளரைக் காணொளி அழைப்பில் வட்டார மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வசதிக்கு அந்த நிதியைச் செலவிட்டால், பற்றாக்குறையின் கடுமை இன்றே குறையும்.

சட்டமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. இந்தியா 2007 அக்டோபரில் ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களுடைய பிரதிநிதி அமைப்புகளை நெருக்கமாகக் கலந்து, முனைப்புடன் ஈடுபடுத்த வேண்டும் என்று 4ஆம் உறுப்பின் 3ஆம் பிரிவில் கட்டாயப்படுத்துகிறது. வாய்மொழியாகப் பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியோடு பதிவு செய்து காணொளியாகவும் எடுக்க வேண்டும் என்று 2013 திருத்தத்தில் சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் அதைத் தொடர்கிறது. 2023 செப்டம்பரில் காதுகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி மொழிபெயர்ப்பாளர் துணையுடன் உச்ச நீதிமன்ற விசாரணையில் பங்கேற்றதை நாடே பார்த்தது.

இதுவரையிலான பழக்கத்தில் காதுகேளாதோர் இருமுறை மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். தொடக்கத்தில் கேமராவின் முன் நிற்பதற்கு ஒருமுறை, எல்லாம் முடிந்தபின் கருவியைப் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு ஒருமுறை. இடைப்பட்ட முடிவுகள் அனைத்தையும் வேறு எவரோ எடுக்கிறார்கள். இதை மாற்ற, சைகை மொழிச் செயற்கை நுண்ணறிவுக்கென ஓர் ஒழுங்காற்றுக் குழுவை அமைத்து, அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையோரும் தலைவரும் சைகை பேசும் காதுகேளாதோராக இருக்குமாறு செய்யுங்கள். கிராமப்புறத்தினரும் பெண்களும் பள்ளிப்படிப்பு வாய்க்காதவர்களும் காதோடு கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் அதில் இடம்பெறட்டும். அவர்களுக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் சிறு தொகை கொடுத்து அனுப்பாமல், மற்ற நிபுணர்களுக்கு இணையான ஊதியம் கொடுங்கள். அந்தக் குழு தயார் என்று எழுத்திலும் சைகையிலும் சான்றளிக்காத எந்தக் கருவியையும் அரசு வாங்கக் கூடாது. கருவி வைக்கப்படும் எந்த இடத்திலும், எனக்கு மனித மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கும் உரிமை காதுகேளாதவருக்கு இருக்க வேண்டும். அப்படிக் கேட்டதற்காகக் காலதாமதமோ கூடுதல் கட்டணமோ அவர்மீது விழக் கூடாது. பிழையால் தீங்கு நேர்ந்தால் விற்ற நிறுவனமா, வைத்த அலுவலகமா, யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர் அந்த முறையீட்டைச் சைகையிலேயே பதிவு செய்ய முடிய வேண்டும்.

வரைவுக் கொள்கை எதுவாயினும், அதை ஆங்கிலத்தில் நீண்ட ஆவணமாக மட்டும் வெளியிட்டு முப்பது நாளில் கருத்துக் கேட்டால், இந்த நாட்டின் காதுகேளாதோரில் மிகப் பெரும்பான்மையோர் பதில் சொல்லவே முடியாது. வரைவைச் சைகைக் காணொளியாக வெளியிட்டு, கருத்துகளையும் சைகைக் காணொளியாகவே பெற்றுக்கொள்ளுங்கள். இம்மடலின் சைகை மொழி வடிவத்தைக் காதுகேளாத நண்பர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். அதையும் உங்கள் மூவரின் அலுவலகங்களுக்கும் அனுப்புகிறோம். உங்கள் பதிலை எங்கள் பெற்றோரும் மாணவர்களும் நேரடியாகப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி அதே மொழியில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
சென்னை